பீப்பாய்க்குள் என்ன இருக்கிறது?

(ஆலை வாயில் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இத்தாலி தேசத்தில், மிலான் நகருக்கு வடக்கே மேதா என்று ஓர் ஊர். அங்கே சுவிட்சர்லாந்தின் ரோஷ் கம்பெனிக்குச் சொந்தமான ரசாயன ஆலை ஒன்று இருந்தது. களைக்கொல்லிக்கும் கிருமிநாசினிக்கும் மூலப்பொருளான டிரைகுளோரோபீனாலை அங்கே காய்ச்சினார்கள். 1976 ஜூலை 10, சனிக்கிழமை. இரவு ஷிப்டு முடிந்ததும், சரக்கு பாதியில் நிற்க, கொதிகலனை நிறுத்திவிட்டார்கள். உள்ளே சூடு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. பகல் பன்னிரண்டரை மணிக்கு மேல் காப்புத் தகடு வெடித்தது. விஷ மேகம் பக்கத்து ஊரான செவெசோவின் வீடுகள்மீதும் தோட்டங்கள்மீதும் இறங்கியது.

அந்த மேகத்தில் இருந்தது டயாக்சின். இதை யாரும் வேண்டுமென்று தயாரிப்பதில்லை. குளோரின் கலந்த சரக்கு கொதிக்கும்போதும் எரியும்போதும் தானாகவே பிறக்கிறது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மாடு மேய்ந்தால் பாலில் வரும். மனிதனின் கொழுப்பில் தங்கினால் பாதி கழியவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும், தாய்ப்பாலிலும் இறங்கும். இதில் மிகக் கொடிய வகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று 1997ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி நிலையம் அறிவித்தது.

செவெசோவில் கோழியும் முயலும் செத்து விழுந்தன. குழந்தைகள் முகத்தில் கொப்புளம் கண்டது. ஜனங்களை அப்புறப்படுத்தியது எப்போது? இரண்டு வாரம் கழித்து! 700 பேருக்கு மேல் வீடு வாசலை விட்டார்கள். விஷத்தின் பெயரைச் சர்க்காருக்குச் சொல்லவே கம்பெனிக்குப் பத்து நாள் வரை பிடித்தது. பெயரே தெரியாமல் டாக்டர் எதற்கு வைத்தியம் பார்ப்பார்? விஷம் பரவாமலிருக்க சுமார் 80,000 பிராணிகளைக் கொன்றார்கள். வளர்த்த விவசாயி என்ன குற்றம் செய்தான்?

1982ல் அந்தக் கழிவை 41 பீப்பாய்களில் அடைத்து எல்லை தாண்டி அனுப்பினார்கள். பீப்பாய்களைக் காணோம்! மறு வருஷம் பிரான்ஸ் தேசத்துக் கிராமம் ஒன்றில், கைவிட்ட கசாப்புக் கொட்டகையில் கிடந்தன. பாருங்கள், முதலாளியின் கணக்கு வழக்கு லட்சணத்தை!

நம் நாட்டிலும், செம்புக்காகப் பி.வி.சி. வயரைக் கொளுத்தும் இடத்தில் இதே நஞ்சு பிறக்கிறது. அந்தப் புகையில் நிற்பவன் கூலிக்காரன்.

1984ல் போபால் நடந்த பிறகு, 1987ல் நமது தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான ஆலையின் அபாயத்தைத் தொழிலாளிக்கும் சுற்றுப்புற ஜனங்களுக்கும் முதலாளி தெரிவிக்க வேண்டும் என்று எழுதினார்கள். எழுதினார்கள், சரி. இந்த வாயிலில் எந்தக் காகிதம் ஒட்டியிருக்கிறது?

எந்தப் பீப்பாயில் என்ன சரக்கு, கசிந்தால் என்ன செய்வது, கழிவு எங்கே போகிறது — தமிழில் எழுதி வாயிலில் ஒட்ட வேண்டும். போனஸ் கோரிக்கையோடு இதையும் சங்கம் மனுவில் சேர்த்திருக்கிறது. திங்கட்கிழமை மனு கொடுக்கிறோம். ஆலைக்குப் பின்னால் நாற்று நடுகிற தோழர்களும் தாய்மார்களும் கையெழுத்திட வேண்டும். இங்கே கழுவி விடும் தண்ணீர் அவர்கள் வாய்க்காலுக்குத்தான் போகிறது.