உதடு அசையும்போதே ஒலி வர வேண்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டெக்னிக்கலா ஏதாவது பேசுங்க, ஆனா வீட்டுக்குப் போனா பயன்படற மாதிரி இருக்கணும்" என்று சங்கச் செயலாளர் எனக்கு உத்தரவு போட்டார். அதனால் மிகச் சின்ன விஷயம் ஒன்றை எடுத்துக் கொண்டேன். டி.வி. பார்ப்பதற்கு ஒயர்லெஸ் ஹெட்போன் எப்படித் தேர்ந்தெடுப்பது, வாங்கி வந்ததை எப்படி மாட்டுவது என்பதுதான் தலைப்பு. சிலர் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

சீனியர்கள் பலர் வீட்டில் இது நடக்கிற கதை. பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். ஏழு மணிச் செய்திக்கு உட்காருவார். வால்யூம் ஏறிக்கொண்டே போகும். பிளஸ் டூ படிக்கிற பேத்தி எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள். மருமகள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். போகிற போக்கில் ரிமோட்டில் ரெண்டு புள்ளி குறைப்பார். பெரியவர் மறுபடி கூட்டுவார். நாலு நாள் இப்படி நடக்கும். ஐந்தாம் நாள் பெரியவர் டி.வி.யே வேண்டாம் என்று வாசலில் போய் உட்கார்ந்து விடுவார். வீட்டில் சண்டை எதுவும் இல்லை. ஆனால் கூடத்திலிருந்து ஒரு ஆள் கழன்று போய்விட்டார். அவரை மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். ஹெட்போன் அதற்கு உதவுகிற ஒரு கருவி.

முதலில் அவருக்கு என்ன குறை என்று பார்ப்போம். வயதானால் காது எல்லா ஒலியையும் ஒரே அளவில் இழப்பதில்லை. உயர்ந்த அதிர்வெண்கள்தான் முதலில் போகும். பேச்சில் உயிர் ஒலிகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ச, த, ட, க போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மேல் அதிர்வெண்கள். அதனால்தான் பெரியவர்கள், "சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னுதான் புரியல" என்கிறார்கள். அது வீம்பு இல்லை, நூற்றுக்கு நூறு சரியான இன்ஜினியரிங் ரிப்போர்ட். வால்யூமைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடுகிறது. தொலைந்த மெய்யெழுத்து அவ்வளவாகத் திரும்பி வருவதில்லை. ஹெட்போன் போட்டால் மின்விசிறிச் சத்தமும் சுவர் எதிரொலியும் நடுவே புகாது. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மீதிப் பாதிக்குக் கண் உதவுகிறது. நாம் எல்லோருமே தெரியாமலேயே உதட்டைப் படிக்கிறோம். இரைச்சலில் பேசுபவரின் முகம் தெரிந்தால் சொற்கள் அதிகம் புரிகின்றன என்று சம்பி, பொல்லாக் என்ற இருவர் 1954-லேயே சோதித்துக் காட்டினார்கள். 1976-ல் மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இருவர் இன்னும் வேடிக்கையான ஒன்றைக் கண்டார்கள். 'பா' என்ற ஒலியை, 'கா' என்று சொல்லும் வாயசைவோடு சேர்த்துக் காட்டினால், பலருக்கு 'டா' என்று காதில் விழுகிறது. மூளை கண்ணையும் காதையும் கூட்டிச் சராசரி போடுகிறது. காது மந்தமானவர் நம்மைவிட அதிகமாகக் கண்ணை நம்பியிருக்கிறார். ஒலி பிந்தி வந்தால் அந்த ஊன்றுகோலையே நாம் தட்டிவிட்டது போல் ஆகும். ஆகவே டி.வி. ஹெட்போனுக்கு நான் போடும் முதல் கேள்வி 'பாஸ் எப்படி?' என்பது இல்லை. 'தாமதம் எவ்வளவு?' என்பதுதான்.

சின்ன வயதில் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். ஆற்றின் எதிர்க்கரையில் துணி துவைப்பவர் கையை ஓங்கி அடிப்பது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. சாதாரண புளூடூத் ஹெட்போனில் 150 முதல் 250 மில்லி செகண்ட் வரை தாமதம் சகஜம். 200 என்றே வைத்துக் கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 68 மீட்டர் தள்ளி நிற்பவர் பேசுவது போல. நம் டி.வி. ஒளிபரப்பு நொடிக்கு 25 படம். அந்தக் கணக்கில் ஒலி ஐந்து படம் பின்தங்கி வருகிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் வெளியிட்ட பரிந்துரையில் ஒரு கணக்கு உண்டு. ஒலி 125 மில்லி செகண்டுக்கு மேல் பிந்தினாலோ, 45-க்கு மேல் முந்தினாலோ மனிதர்கள் கண்டுபிடித்து விடுகிறார்கள். முந்துவதை ஏன் சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம்? இயற்கையில் ஒலி பிந்துவது உண்டு, முந்துவது கிடையாது.

புளூடூத்தில் ஏன் இவ்வளவு தாமதம்? ஒலியைத் துண்டு துண்டாக்கிச் சுருக்கி, பொட்டலம் கட்டி அனுப்புகிறது. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்க வேண்டும். அதற்குள் பாட்டு நின்றுவிடக் கூடாது என்று ஹெட்போன் கொஞ்சம் சரக்கைக் கையிருப்பில் வைத்துக் கொள்கிறது. அந்தக் கையிருப்புதான் தாமதம். பாட்டு மட்டும் கேட்கும்போது இது தெரியவே தெரியாது. எதிரே ஒரு முகம் பேசினால்தான் தெரியும்.

இனி, கடையில் என்னென்ன கிடைக்கும் என்று பார்ப்போம்.

அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது ஒரு வகை. தாமதம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் டி.வி. ரிமோட் மாதிரி நேருக்கு நேர் இருக்க வேண்டும். வெயில் விழுகிற கூடத்தில் இரைச்சல் வரும். இரண்டாவது, பழைய அனலாக் ரேடியோ வகை. இதிலும் தாமதம் இல்லை, சுவரைத் தாண்டும். ஆனால் பின்னால் லேசாக 'ஸ்ஸ்' என்று ஓடிக் கொண்டிருக்கும். மூன்றாவது, தனக்கென்று ஒரு பேஸ் ஸ்டேஷனோடு வரும் டிஜிட்டல் வகை. பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும். டி.வி.க்கென்றே செய்ததால் தாமதத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பார்கள். நான்காவது, நம் எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கும் புளூடூத்.

பெரியவருக்கு வாங்குவதானால் மூன்றாவது வகையைத்தான் சொல்வேன். காரணம் தாமதம் மட்டும் இல்லை. கரண்ட் போய் வந்தால் புளூடூத் சில சமயம் தானாகச் சேராது. ரிமோட்டை எடுத்து மெனுவுக்குள் மெனுவாகப் போக வேண்டும். ஊரில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு அதை நாம் வீடியோ காலில் சொல்லிக் கொடுத்துத் தீராது. பேஸ் ஸ்டேஷன் வகையில் ஸ்டாண்டிலிருந்து எடுத்தோம், காதில் போட்டோம், முடிந்தது. திருப்பி மாட்டினால் சார்ஜ் ஆகும். கையால் திருகுகிற வால்யூம் குமிழ் பெரிதாக இருக்கிறதா, இடது வலது காதுக்குத் தனித்தனியே பேலன்ஸ் மாற்ற முடியுமா, பேட்டரியைக் கழற்றி மாற்றலாமா என்று பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்கும் கொண்டை போடுகிற அம்மாக்களுக்கும், மோவாய்க்குக் கீழே ஸ்டெதஸ்கோப் மாதிரி தொங்கும் மாடல் வசதி. வெளிச்சத்தத்தை அடைக்கும் நாய்ஸ் கேன்சலிங் வீட்டுக்குத் தேவையில்லை. குக்கர் விசிலும் காலிங் பெல்லும் கேட்க வேண்டும் அல்லவா?

இருக்கிற புளூடூத்தையே பயன்படுத்தலாம் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. 'ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி' என்ற முறையில் தாமதம் சுமார் 40 மில்லி செகண்டுக்கு இறங்கும். ஆனால் அனுப்பும் கருவி, கேட்கும் ஹெட்போன் இரண்டிலும் அந்த முறை இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் சத்தம் போடாமல் பழைய முறைக்கே போய்விடும். ஆப்பிள் நிறுவனத்தின் இயர்போன்களில் இது கிடையாது. தம்பிகள் கவனிக்க: 2020-ல் அறிவிக்கப்பட்ட எல்.இ. ஆடியோ தாமதத்தைக் குறைக்கவும், ஒரே டி.வி.யிலிருந்து பல ஹெட்போன்களுக்கு அனுப்பவும் வழி செய்கிறது. இரண்டாவதற்கு 2022-ல் ஆராகாஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். இதற்கும் இரு பக்கமும் ஆதரவு வேண்டும். அட்டைப் பெட்டியில் 'புளூடூத் 5.3' என்று போட்டிருப்பதை மட்டும் வைத்துத் தாமதத்தைச் சொல்லிவிட முடியாது.

வெளிநாட்டிலிருந்து வரும் சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவுக்கு அன்பாக வாங்கி வருகிறீர்கள். அமெரிக்காவில் 900 மெகாஹெர்ட்ஸ் ஹெட்போன் பழக்கத்தில் உண்டு. இங்கே அந்த அலைவரிசையில் செல்போன்கள் ஓடுகின்றன. அதை இங்கே பயன்படுத்தக் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் இரு நாட்டிலும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக் கூடியது. அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். 120 வோல்ட் மட்டும் என்றால் நம் ஊர் 230-ல் சொருகிய உடனே கதை முடிந்தது.

அடுத்து மாட்டும் வேலை. கடைக்குப் போவதற்கு முன் டி.வி.யின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே ஹெட்போன் ஜாக் இருக்கலாம், ஆப்டிகல் அவுட் இருக்கலாம். எது இருக்கிறதோ அதற்குப் பொருந்துவதை வாங்க வேண்டும். ஹெட்போன் ஜாக்கில் சொருகினால் பல டி.வி.க்களில் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஆப்டிகலில் பெரும்பாலும் ஸ்பீக்கரும் பேசும், ஹெட்போனும் பேசும். குடும்பத்துக்கு ஆப்டிகல்தான் நல்லது. டி.வி. வால்யூம் மற்றவர்கள் இஷ்டப்படி, ஹெட்போன் வால்யூம் பெரியவர் இஷ்டப்படி. பேத்திக்குப் பரீட்சை என்றால் டி.வி. வால்யூமைப் பூஜ்யமாக்கினால் போதும், தாத்தாவுக்குச் செய்தி நிற்காது.

ஆப்டிகல் ஒயரின் இரு முனையிலும் சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றிவிட்டுச் சொருகுங்கள். முனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் டி.வி. பேசுகிறது என்று அர்த்தம். பிறகு டி.வி.யின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட்டை 'பி.சி.எம்.' என்று வையுங்கள். டால்பியில் விட்டால் பல ஹெட்போன் பேஸ்களுக்கு அது புரியாது. மௌனமோ கரகரப்போதான் வரும். பேஸை டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள், இரும்பு பீரோ பக்கத்திலும் வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் வேலை செய்கிறது. அடுப்பு ஓடும்போது மட்டும் விட்டுவிட்டுக் கேட்டால் காரணம் அதுவே. ஒய்-ஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் நெரிசல் குறையும். பேஸுக்கு மின்சாரத்தை டி.வி.யின் யு.எஸ்.பி.யிலிருந்து எடுக்க வேண்டாம். டி.வி.யை அணைத்தால் பல மாடல்களில் அதுவும் அணையும், ராத்திரி சார்ஜ் ஏறாது.

மாட்டி முடித்ததும் சோதனை. ப, ம இரண்டும் உதடுகள் சேர்ந்து பிறக்கும் எழுத்துகள் என்று தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோவில் செய்தி வாசிப்பவரின் உதட்டைப் பாருங்கள். உதடு மூடித் திறக்கும்போதே 'ம' கேட்கிறதா? டப்பிங் சீரியலை வைத்துச் சோதிக்காதீர்கள், அங்கே பிரம்மாவே வந்தாலும் பொருத்த முடியாது. இன்னொரு சோதனை: ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் டி.வி. ஸ்பீக்கர். ஒரே சொல் இரண்டு தடவை கேட்டால் தாமதம் இருக்கிறது. டி.வி. மெனுவில் 'ஆடியோ டிலே' என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது ஒலியை மேலும் பிந்த வைக்கத்தான். பிந்தியதை முந்த வைக்காது. அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். சில ஆப்கள் படத்தையும் சேர்த்துப் பிந்த வைத்துச் சரிக்கட்டும். அதனால் ஆப்பில் பார்த்துத் திருப்தி அடையாமல், பெரியவர் தினம் பார்க்கும் சேனலிலேயே சோதியுங்கள்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் சராசரி 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 6 மணி நேரம் டி.வி. பார்த்தாலே வாரத்துக்கு 42 ஆகிவிடும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். இது காதிலேயே இயர்போனோடு தூங்குகிற தம்பிகளுக்கும் சேர்த்துத்தான். இரண்டாவது, ஹெட்போன் செவித்துணைக் கருவி ஆகாது. டி.வி. மட்டும் புரிந்து, சாப்பிடக் கூப்பிட்டது புரியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போய் ஆடியோகிராம் எடுங்கள். வெறும் குறும்பியாகவும் இருக்கலாம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மறுநாளைக்குத் தள்ளாதீர்கள், அது அவசர கேஸ்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு மாலை இதற்கு ஒதுக்குங்கள். மாட்டிக் கொடுத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செய்தி முழுக்கப் பாருங்கள். பெரியவர் செய்திக்கு நடுவே திரும்பி, "பாத்தியா, என்ன சொல்றான்னு!" என்று அரசியல் பேச ஆரம்பித்தால், கருவி சரியாக வேலை செய்கிறது என்று வைத்துக் கொள்ளலாம்.