வாழைக்கன்று முதல் தேரூர்க் குளம் வரை: உயிரியல் பாடத்தை மீளப் படிக்கும் முறை

(நமது ஜமாஅத் சார்பில் பிளஸ் டூ மாணவ, மாணவியருக்காக நடத்தப்பெற்ற கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மதரஸாவில் ஓதிய ஓர் ஆலிம் உயிரியல் தேர்வைப் பற்றி என்ன பேசப்போகிறார் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பாடம் நடத்துவது ஆசிரியர்களின் பணி. அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால், கற்றதை மறவாமல் காப்பது எப்படி என்பதில் மதரஸாக்களுக்குப் பல நூற்றாண்டு அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தை உங்கள் பாடநூலின் மூன்று பகுதிகளோடு பொருத்திக் காட்டவே இங்கு நிற்கிறேன்.

செல்லியல், மரபியல், பல்லுயிர்ப் பன்மை ஆகியவையே அந்த மூன்று பகுதிகள். செல்லியலைப் பிளஸ் ஒன்னில் படித்து முடித்துவிட்டோம் என்று பலர் அந்தப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடுகின்றனர். ஆனால் நீட் தேர்வு இரண்டாண்டுப் பாடத்தையும் கேட்கிறது. அதன் 720 மதிப்பெண்களில் சரிபாதியான 360 உயிரியலுக்குரியவை. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. கடலுக்குச் செல்பவரின் மகளுக்கும், ரப்பர் பால் வெட்டுபவரின் மகனுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. அதில் நுழையப் பணம் கட்டிப் படிக்கும் பயிற்சி மையம் மட்டுமே வழி என்று எண்ணி மனம் தளர்ந்துவிடாதீர்கள். கையிலுள்ள பாடநூலைச் சரியாகப் படிப்பதே முதல் வழி.

குர்ஆனை மனனம் செய்யும் சிறுவனைப் பாருங்கள். அன்றைய புதுப் பாடமாகிய சபக்கை உஸ்தாதிடம் ஒப்பிப்பதோடு அவன் எழுந்துவிட முடியாது. பழைய பகுதிகளைத் திரும்பத் திரும்ப ஓதும் தவ்ர் நாள்தோறும் உண்டு. ஓதும்போது கிதாபு மூடியிருக்கும். தடுமாறிய இடத்தை உஸ்தாத் சுட்டிக்காட்டுவார். புது சபக் மட்டும் ஓதித் தவ்ரை விட்டவனிடம் முப்பது ஜுஸ்உகளும் நிலைப்பதில்லை.

இதே உண்மையை நவீன ஆய்வாளர்களும் கண்டறிந்தனர். ஜெர்மானிய அறிஞர் எப்பிங்ஹாஸ் 1885இல், கற்றவற்றில் பெரும்பகுதி குறுகிய காலத்திலேயே மறந்துபோவதைத் தம் சோதனைகளால் காட்டினார். 2006இல் அமெரிக்காவின் ரோடிகர், கார்பிக் ஆகிய இருவர் மாணவர்களை இரு வகையாகப் படிக்கச் செய்தனர். ஒரு பிரிவினர் பாடத்தை மீண்டும் மீண்டும் வாசித்தனர். மறுபிரிவினர் ஒருமுறை வாசித்தபின் அதனை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினர். புத்தகத்தைத் திறந்து வைத்து வண்ணப் பேனாவால் கோடிடுவது படித்த நிறைவைத் தரும். ஆனால் தேர்வறையில் கைகொடுக்காது.

நம் இடலாக்குடியில் 1874இல் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் செலுத்தும் சதாவதானத்தை நிகழ்த்தினார். நினைவாற்றலால் புகழ்பெற்ற ஒருவரைத் தந்த மண் இது என்பதை நினைவூட்டுகிறேன்.

அன்பு மாணவர்களே! மூடிய புத்தகத்தை நினைவுகூர ஒரு பிடிமானம் வேண்டும். அதற்கு உங்கள் வீட்டுக் கொல்லையிலுள்ள வாழையைச் சொல்கிறேன். மூன்று பகுதிகளும் அந்த ஒரே மரத்தில் அடங்கும்.

முதலில் செல்லியல். வாழைக்கிழங்கிலிருந்து பக்கக்கன்று முளைக்கிறது. அது மறைமுகச் செல்பகுப்பினால் வளர்வது. ஆகவே தாய்மரத்தின் மரபுப் பொருளே கன்றிலும் அப்படியே இருக்கும். இனி, ஏத்தன் பழத்தை நறுக்கிப் பாருங்கள். நடுவில் சிறு கரும்புள்ளிகள் தெரியும். அவை விதையாக வளராமல் போன சூல்கள். ஏன் வளரவில்லை? வாழையின் அடிப்படைக் குரோமோசோம் எண்ணிக்கை 11. மும்மடியமான ஏத்தனில் மூன்று தொகுதிகள், அதாவது 33 குரோமோசோம்கள் உள்ளன. குன்றல் பகுப்பில் குரோமோசோம்கள் இணை இணையாகச் சேர வேண்டும். மூன்று இருந்தால் ஒழுங்காக இணைசேர முடியாது. சமநிலையான இனச்செல்கள் உருவாகாததால் விதை உண்டாவதில்லை. குன்றல் பகுப்பின் நிலைகளை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்தவரும், அது தவறினால் என்ன ஆகும் என்று கேட்டால் திகைக்கிறார். தேர்வில் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

அடுத்தது மரபியல். நம் மாவட்டத்தின் பெருமையான மட்டிப்பழம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மட்டி இருமடியம், அதற்கு 22 குரோமோசோம்களே. ஆயினும் அதிலும் விதை இல்லை. எனவே விதையின்மைக்கு மும்மடியம் ஒன்றே காரணம் என்று எழுதினால் விடை பிழையாகும். கருவுறாமலேயே கனி பருக்கும் பண்பும் மரபணுக்களில் அமைந்துள்ளது. கூற்று, காரணம் என்று கேட்கப்படும் வினாக்கள் இத்தகைய இடங்களில்தான் மாணவரைச் சோதிக்கின்றன. காட்டு வாழைகளான மியூசா அக்யூமினேட்டா, மியூசா பால்பிசியானா ஆகிய இரண்டின் வழிவந்தவையே நாம் உண்ணும் பெரும்பாலான வகைகள். முதலாவதை ஏ என்றும் இரண்டாவதை பி என்றும் குறித்தால் மட்டி ஏஏ, ஏத்தன் ஏஏபி, செவ்வாழை ஏஏஏ ஆகும்.

மரபியலில் இன்னொன்றையும் பெற்றோர்கள் செவிமடுக்க வேண்டும். தாயிடமிருந்து எப்போதும் எக்ஸ் குரோமோசோமே வரும். தந்தையிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண் குழந்தை, ஒய் வந்தால் ஆண் குழந்தை. பிளஸ் டூ மாணவி நன்கறிந்த இந்தப் பாடத்தை அறியாமல், பெண் பிறந்ததற்கு மருமகளைக் குறைகூறும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்தப் பாடம் மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் நம் வீட்டுக்குள்ளும் வரட்டும்.

மூன்றாவது பல்லுயிர்ப் பன்மை. கன்று வழியே பெருகும் வாழைகள் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தும். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷல் என்னும் வாழை, பனாமா வாடல் நோயால் ஏற்றுமதித் தோட்டங்களிலிருந்து மறைந்தது. அதற்குப் பதிலாக வந்த கேவண்டிஷ் வகையை அந்நோயின் புதிய வடிவம் இப்போது தாக்குகிறது; பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் அது கண்டறியப்பட்டுள்ளது. எனவேதான் மட்டி, ஏத்தன், ரசகதலி, செவ்வாழை, பேயன், பாளையங்கோட்டான் எனப் பல வகைகள் நம் மண்ணில் நிலைத்திருப்பது அவசியம். இதுவே மரபணுப் பன்மை.

இனப் பன்மையைக் காணத் தேரூர்க் குளத்திற்குச் செல்லுங்கள். கூழைக்கடாவும் நாரைகளும் அங்கு வருகின்றன. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. சூழல்மண்டலப் பன்மையோ, மணக்குடிக் காயலின் அலையாத்திகள் முதல் மேல்கோதையாற்றின் மழைக்காடுகள் வரை ஒரே மாவட்டத்திற்குள் விரிகிறது. ஒரு குளத்திற்குள் உள்ள பன்மை ஆல்ஃபா. குளத்திற்கும் காயலுக்கும் இடையிலான வேறுபாடு பீட்டா. மாவட்டம் முழுவதையும் சேர்த்தால் காமா. உயிரின இழப்புக்கு வாழிட அழிவு, அயல் இனங்களின் பெருக்கம் என்று புத்தகம் காரணம் கூறுகிறது. மனைகளாக மாறிய நாஞ்சில் நாட்டு வயல்களும், குளங்களை மூடிய ஆகாயத்தாமரையும் அவற்றுக்குச் சான்றுகள்.

இம்மூன்றையும் தம் வாழ்வில் இணைத்தவர் ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் திருவனந்தபுரத்தில் தாவரவியல் பேராசிரியராக விளங்கியவர். பின்னர் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் குரோமோசோம்களை ஆராய்ந்தார். முதிய வயதில் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கவும் குரல் கொடுத்தார். செல்லில் தொடங்கிய கல்வி காட்டைக் காப்பதில் நிறைவுற்றது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சுப்ஹுக்குப் பின் ஒரு மணி நேரம் புதிய பகுதியைப் படியுங்கள். மாலையில் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். படங்களை வரைந்து பாகங்களைக் குறியுங்கள். பிறகு திறந்து சரிபாருங்கள். விட்டவற்றை மட்டும் மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் மீண்டும் எழுதுங்கள். இருவராகச் சேர்ந்து ஒருவர் கேட்க மற்றவர் ஒப்பியுங்கள். இஷாவுக்குப் பின் கைபேசியைப் பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டு நேரத்தோடு உறங்குங்கள். பெற்றோர்களே, பிள்ளை தாளில் எழுதியதைக் கையில் வாங்கி, கேள்வி கேளுங்கள். உயிரியல் தெரியாவிட்டாலும் தாளைப் பார்த்து ஒப்பிக்கக் கேட்கலாம்.

தேர்வு முடிந்தபின் இந்தப் பாடம் மறந்துபோனால் மதிப்பெண் மட்டுமே மிஞ்சும். மறக்காமல் இருந்தால் நம் ஊருக்கு நல்ல மருத்துவரும், நல்ல விவசாயியும், குளத்தைக் காக்கும் குடிமகனும் கிடைப்பர். உங்கள் உழைப்பை வல்ல ரஹ்மான் ஏற்று, பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.