நீரும் நாணமும்



காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தே வளரும் எங்கள் மாணவியருள் நீந்தத் தெரிந்தவர் அரியர். காரணம் வினவினால், "உடுப்பு, சேர்" என்று தலைகுனிவர். முஸ்லிம் மாணவியர் அதுவும் சொல்லார்.

சிட்னியில் 2004ஆம் ஆண்டு அஹேதா சனெட்டி என்னும் மாது, முகமும் கைகளும் பாதங்களும் ஒழிய உடல் முழுதும் மறைக்கும் நீச்சலுடையை அமைத்தார். மறு ஆண்டு டிசெம்பரில் குரொனுல்லாக் கடற்கரையில் இனக்கலவரம் மூண்டது. அதன் பின்னரே உயிர்காப்புச் சங்கத்தார் அராபிய வழிவந்த இளைஞரைப் பயிற்சிக்கு அழைத்தனர். 2007இல் மெக்கா லாலா என்னும் முஸ்லிம் யுவதி, சிவப்பும் மஞ்சளுமான அவ்வுடையிலேயே கரைகாக்க நின்றார். மூழ்குகிறவன் காப்பாற்ற வருபவரின் உடையையா பார்ப்பான்?

பீலியில் குறுக்குக்கட்டோடு குளித்துப் பழகிய நம் பெண்களுக்கு மறைத்து நீராடுவது புதிதன்று. ஆனால் நனைந்த சீலை கால்களைப் பின்னும். எங்கள் தையலாசிரியை உடுப்புத் தைக்க இசைந்துவிட்டார். நீரில் கனக்காத துணியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.