மாணவர் மரணமும் திரைப்படமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இளம் உயிரொன்று தன்னைத்தானே மாய்த்துக்கொண்டால், அந்த உண்மைக் கதையைத் திரைப்படமாக எடுக்கலாமா? எடுப்பதாயின் எவ்வாறு எடுத்தல் வேண்டும்? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதாவின் கதையை நம்மிற் பலர் அறிவர். சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200 க்கு 1176 புள்ளிகள் பெற்றவர். மருத்துவக் கல்விக்கு 'நீட்' பரீட்சையே அளவுகோல் என்றானபோது, அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். பயன் கிட்டவில்லை. 2017 செப்டெம்பர் 1 ஆம் நாள், தமது 17 ஆம் வயதில், உயிர் நீத்தார். அடுத்த ஆண்டே அவர் கதையைத் தழுவிய படமொன்று அறிவிக்கப்பட்டது. அதனை எதிர்த்து அவர் தந்தையார் நீதிமன்றத்தை நாடினார்.

அத்தந்தையின் செயலை நாம் சிந்தித்தல் வேண்டும். இறந்த பிள்ளையின் கதை ஊருக்குப் பாடமாகலாம். ஆனால் அது முதலில் ஒரு வீட்டின் துயரம். பெற்றாரின் இசைவின்றி அதனைத் தொடுதல் அறமாகாது.

இனி, காண்போர் நிலையை நோக்குவோம். 1981 இல் மேற்கு ஜேர்மனியத் தொலைக்காட்சி ஒரு மாணவனின் தற்கொலையைத் தொடர் நாடகமாகக் காட்டிற்று. அந்நாட்களில் அவன் வயதை ஒத்த ஆண் பிள்ளைகளிடையே அத்தகைய இறப்புகள் மிகுந்தன என அறிஞர் பின்னர் ஆராய்ந்து கண்டனர். இறப்பை விரித்துக் காட்டி, ஊரே கூடி அழுவதையும் காட்டினால், வேதனையுற்ற பிள்ளை அதனையும் ஒரு வழியென மயங்கிவிடும். மாறாக, இடரினின்று மீண்டோர் கதை கேட்போரைக் காக்கக்கூடும் என 2010 இல் வியன்னா ஆய்வாளர் எழுதினர். மோசார்ட்டின் இசை நாடகத்தில் சாகத் துணிந்து, மூன்று சிறுவர் சொற்கேட்டு மீண்ட பப்பகேனோவின் பெயரையே அப்பயனுக்கு இட்டனர்.

இதனை அறிய நாம் அயல்நாடு செல்லவும் வேண்டா. முள்ளியவளையின் கோவலன் கூத்து நமக்கு உண்டு. கணவன் கொலையுண்டான் எனக் கேட்ட கண்ணகி மூலையிலிருந்து மடிந்தாளில்லை. மற்றைச் சிலம்பை ஏந்தி அரசவை புகுந்து நீதி கேட்டாள். அவளையன்றோ வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலிட்டு வணங்குகிறோம்!

ஆனால் நண்பர்களே, அனிதாவும் மன்றேறிக் கேட்டவரே. ஆதலின் 'வாய்திறந்து சொல்' என்று பிள்ளைக்குக் கூறினாற் போதாது. கேட்கும் செவியும் வேண்டும். படம் காட்ட வேண்டியது இறந்த கணத்தை அன்று. அதற்கு முன் யார் யார் கேட்டிருக்கலாம், எந்தக் கதவு திறந்திருக்கலாம் என்பதையே.

'எல்லாம் விதி' என்பாரும் உளர். 1995 இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அஃதொன்று. கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2005 அளவில் அவ்வீதம் பாதியாயிற்று. விதியாயின் ஒரு தடையால் மாறுமோ? 1998 முதல் தற்கொலை முயற்சி நம் நாட்டிற் குற்றமுமன்று. ஆகவே மீண்ட பிள்ளையைப் பழிக்கஞ்சி மறையாது வைத்தியரிடம் அழைத்துச் செல்க.

2009 இல் யாவும் இழந்த நம் வன்னி வீடுகளில், எஞ்சிய நம்பிக்கை முழுவதும் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றின்மேல் ஏற்றப்படுகின்றது. அச்சுமையை நாம் அறிவோம்; நாமும் சுமப்பவரே. பெறுபேறு வெளிவரும் நாளில் தேறியவன் வீட்டுக்கு மாலையுடன் செல்லும் நாம், தவறியவன் வீட்டுக்கும் செல்வோம். அறிவுரை கூறுதற்கன்று, அருகிலிருந்து கேட்பதற்கு. நம்மால் இயலாதெனின் 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைப்போம். 1974 முதல் இயங்கும் சுமித்திரயோவும் உண்டு.

நாடகம் எழுதுவோரும், கைத்தொலைபேசியாற் குறும்படம் எடுப்போரும் நம் சங்கத்தில் உளர். அவர்களை வேண்டுகிறோம்: பிள்ளை பிழைக்கும் கதையை எழுதுங்கள். அதனை இவ்வூரில் உண்மையாக்கும் பணி நம் அனைவருக்கும் உரியது.