பெக்கி ஹாமனும் தேசபக்தியும்



அமெரிக்காவில் பெக்கி ஹாமன் என்றொரு பெண்மணி, கூடைப்பந்து ஆட்டக்காரர். உயரம் ஐந்தடி ஆறங்குலந்தான். 1999ல் பெண்கள் தொழில்முறை அணிகள் ஆள் பொறுக்கியபோது இவரை ஒருவரும் சீந்தவில்லை. பிறகு நியூயார்க் அணியில் நுழைந்து, நாட்டின் முதல்தரமான ஆட்டக்காரர்களில் ஒருவராகிவிட்டார். அப்படியிருந்தும் ஒலிம்பிக் அணிக்கு அவரது நாடு கூப்பிடவில்லை, ருஷ்யா கூப்பிட்டது. மாஸ்கோ அணியொன்று நல்ல சம்பளமும் கொடுத்தது. 2008ல் ருஷ்யக் குடியுரிமை பெற்று, பெய்ஜிங்கில் அந்நாட்டுச் சட்டை போட்டு ஆடினார். அரையிறுதியில் அமெரிக்காவிடமே தோற்றார். கடைசியில் வெண்கலம் கிடைத்தது.

ருஷ்யாவுக்கு ஆடப்போகிறார் என்றதுமே கிளம்பிற்று கூச்சல்! அப்போது அமெரிக்க அணிக்குப் பயிற்சியளித்துவந்தவரே, அவரும் ஒரு பெண்மணிதான், இவருக்குத் தேசபக்தியில்லை என்றார். நான் கேட்கிறேன்: இவரை வேண்டாமென்று ஒதுக்கிய நாளில் அந்தத் தேசபக்தி எங்கே போயிருந்தது? ஆண்களுக்குக் கொட்டிக் கொடுத்ததில் ஒரு துளிதான் பெண்களுக்கு என்பதால், ருஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போய்ச் சம்பாதித்த அமெரிக்கப் பெண்கள் அநேகர். கூலிக்குப் போனால் குற்றமில்லையாம். சட்டையை மாற்றினால்தான் குற்றமாம்!

அதே அமெரிக்காவில், 2014ல், சான் அந்தோனியோ ஆண்கள் அணி இவரை முழுநேரத் துணைப் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டது. அதுவரை எந்தப் பெண்ணுக்கும் அங்கே கிடைக்காத உத்தியோகம். ஏழடி ஆண்பிள்ளைகள் குனிந்து நின்று இவரிடம் ஆட்டம் கேட்டுக்கொண்டார்கள்.