ஓய்வுக்காலம் நீண்டால் மூலதனம் நிற்குமா?
(சங்கத்தின் மைசூர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மைசூருக்கு ‘ஓய்வூதியர் சொர்க்கம்’ என்று பெயர். ஆனால் நம்மில் பலருக்கு ஓய்வூதியமே கிடையாது, பி.எஃப்., கிராஜுவிட்டி தொகையில் வரும் வட்டிதான் ஜீவனம். ஷஷ்டியப்தபூர்த்தி ஆனவருக்குச் சதாபிஷேகம் வரை 20 வருஷம். வயதில் இளைய மனைவிக்காக இன்னும் 15 சேர்த்து, 35 வருஷத்துக்குக் கணக்குப் போட வேண்டும்.

அமெரிக்காவின் வில்லியம் பெங்கன் 1994-ல் சொன்ன 4 சதவீதக் கணக்கு, அந்நாட்டு விவரங்களைக் கொண்டு 30 வருஷத்துக்குப் போட்டது. நமக்கு வட்டி 8, விலைவாசி ஏற்றம் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், வரியைச் சேர்க்கவில்லை. முதல் வருஷம் மூலதனத்தில் 5 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டே போனால், சுமார் 25 வருஷத்தில் பணம் தீரும். 4 சதவீதமானால் 33 வருஷம். 3 ஆனால் 50.

ஒரு கோடிக்கு 3 சதவீதம் என்றால் மாதம் 25,000 ரூபாய். ‘வட்டியே 66,000-க்கு மேல் வருகிறதே!’ என்பீர்கள். அதை முழுவதும் செலவழித்தால், 12 வருஷத்தில் அதே தொகையின் மதிப்பு பாதி, 24-ல் கால். மிச்சம் பிடிக்கும் வட்டி, 90 வயதில் தனியாக இருக்கப்போகும் மாமிக்கு.

இந்தக் கணக்கை இன்றே ஆத்து மாமியிடம் காட்டுங்கள். நாளை அதை நடத்தப்போவது அவர்தான்.