விமானம் ஓட்டக் கற்க எந்த நூல்? பழையதா, புதியதா?



ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது முன்னோர் வாக்கு. ஆனால், விமானம் ஓட்டும் பயிற்சியில் ஏட்டில் படித்ததுதான் ஆபத்து நேரத்தில் விமானியின் கையை இயக்குகிறது. ஆகவே, எந்த ஏட்டைப் படிப்பது என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

விமானி ஆக விரும்பும் இளைஞர்கள் கேள்விப்படும் நூல்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, 'ஸ்டிக் அண்ட் ரட்டர்'. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சோதனை விமானி வுல்ஃப்காங் லாங்கவீஷ எழுதி, 1944-இல் வெளிவந்தது. மற்றொன்று, அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விமானம் ஓட்டும் கையேடு. இந்தப் பெயரில் 1999-இல் வந்த அது, 2004, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அதை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

பழைய நூல் அடிப்படையாகக் கொள்வது ஒரே ஒரு கருத்தை. அதுதான் தாக்குகோணம், அதாவது, இறக்கை எதிர்வரும் காற்றைச் சந்திக்கும் கோணம். ஓடும் காரின் சன்னலில் சிறுவர்கள் கையை நீட்டி விளையாடுவதுண்டு. உள்ளங்கையைச் சற்றுச் சாய்த்தால் காற்று கையை மேலே தூக்கும். அளவுக்கு மீறிச் சாய்த்தாலோ, தூக்கும் விசை குறைந்து பின்னுக்குத்தான் தள்ளும். விமானத்தின் இறக்கைக்கும் அதே கதிதான். அந்த நிலைக்கு 'ஸ்டால்' என்று பெயர். அதிலிருந்து மீள, விமானி தண்டை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். விழுந்துகொண்டிருக்கும்போது மேலும் கீழே தள்ளுவதா? மனித மனம் அதற்கு எளிதில் உடன்படாது. அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் அந்நூல் 'ஏன்' என்று பொறுமையாக விளக்குகிறது.

புதிய கையேடு 'எப்படி' என்பதை வரிசையாகச் சொல்லித் தருகிறது. புறப்படுதல், திரும்புதல், தரையிறங்குதல் என ஒவ்வொன்றுக்கும் படிமுறை, வண்ணப்படம், வழக்கமாக நேரும் பிழைகளின் பட்டியல் எல்லாம் உண்டு. கணினித் திரைகள் கொண்ட விமானங்களைப் பற்றி 1944-இல் எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்படியானால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாமா? 2009-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். பிப்ரவரி 12-இல் அமெரிக்காவின் பஃபலோ நகர் அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் மாண்டனர். ஸ்டால் எச்சரிக்கை வந்தபோது தலைமை விமானி தண்டை முன்னே தள்ளவில்லை, பின்னுக்கு இழுத்தார். ஜூன் 1-இல் ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்தனர். அங்கும் ஸ்டால் நிலையில் மூக்கு உயர்த்தியே பிடிக்கப்பட்டது.

அக்காலப் பயிற்சிகளில், உயரத்தை அதிகம் இழக்காமல் மீள்வதே திறமை என்று மதிப்பிடும் வழக்கம் இருந்தது. விபத்துகளுக்குப் பின் அந்தப் போக்கு மாறியது. முதலில் தாக்குகோணத்தைக் குறை, உயரத்தைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்று 2012-இல் விமான நிறுவனப் பயிற்சிக்கான அறிவுரை வந்தது. புதிய கையேடும் அதையே வலியுறுத்துகிறது. தானியங்கிக் கருவி இருந்தால் அதைத் துண்டி, மூக்கைத் தாழ்த்து, இறக்கைகளைச் சமப்படுத்து, எந்திர விசையைத் தேவைக்கேற்ப வை. வரிசை புதியது. அதன் உயிர்நாடியோ 1944-இல் சொல்லப்பட்டதுதான்!

எனினும், பழைய நூலை மட்டும் நம்புவதும் தவறு. அதில் சில உறுப்புகளின் பெயர்களே இன்றைய வழக்கில் இல்லை. புறப்படுமுன் தனக்கு நோய், களைப்பு, மன உளைச்சல் உண்டா என்று விமானி தன்னையே சோதித்துக்கொள்ளும் முறை பிற்காலக் கையேடுகள் தந்த நன்கொடை.

ஆகவே பெற்றோர்களே, இளைஞர்களே! பழைய நூலைக் காரணம் அறியப் படியுங்கள். செய்முறைக்கும் விதிகளுக்கும், உங்கள் பயிற்சிப் பள்ளி குறிப்பிடும் ஆகக் கடைசிப் பதிப்பையே கையில் எடுங்கள். யாரோ கொடுத்த பழைய பிரதி என்றால், முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். காரணம் தெரிந்து செய்முறையும் பழகியவனின் கைதான், பதற்றமான அந்தச் சில விநாடிகளில் தண்டைச் சரியான பக்கம் தள்ளும்.